வேப்பெண்ணெய் வேண்டாம், காகக் கதையும் வேண்டாம்

கேள்வி: டொக்டர், என் மகனுக்கு இரண்டு வயதும் நாலு மாதமும். கைக்குழந்தையாக இருக்கும்போது அவனுடைய அப்பா கத்தாரிலிருந்து அனுப்பிய பொதியில் ஒரு சூப்பி வந்தது. அன்று தொடங்கியது, இன்னும் விட்டபாடில்லை. நான் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பகலில் என் அம்மாதான் பிள்ளையைப் பார்க்கிறார். எழும்பினால் சூப்பி, படுத்தால் சூப்பி, இரவில் அது வாயிலிருந்து விழுந்துவிட்டது என்று நாலைந்து தரம் அழுது எழும்புகிறான். இந்த வருடம் இரண்டு தரம் காதில் சீழ் வந்தது. முன்பற்கள் முட்டாமல் இடைவெளி தெரிகிறது. போன கிழமை அம்மா சூப்பியில் வேப்பெண்ணெய் பூசிக் கொடுத்தார். பிள்ளை சத்தி எடுத்து அழுது களைத்துப்போனான். பிறகு கழுவி நாங்களே திரும்பக் கொடுத்துவிட்டோம். மாமி 'தானாக விடுவான், பேசாமல் இரு' என்கிறார். அக்கா 'காகம் கொண்டுபோய்விட்டது என்று சொல்லி ஒளித்து வை' என்கிறாள். அவர் லீவு முடிந்து போய்ப் பத்து நாள்தான் ஆகிறது. தை மாதம் நேசரியில் சேர்க்க வேண்டும். நான்தான் பழக்கிக் கெடுத்துவிட்டேனோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. என்ன செய்ய? நேசரி டீச்சரிடம் இதைச் சொல்ல வேண்டுமா?
- களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய்

அன்பின் தங்கச்சிக்கு,

உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் முன்னால் வேப்பெண்ணெயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை இனிப் பிள்ளையின் வாய்ப்பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். பால் மறக்கடிக்க வேப்பெண்ணெய் தடவுவது நம் பக்கத்தில் பழைய வழக்கம். அம்மை போட்டால் வேப்பிலை, தலைக்கு வேப்பெண்ணெய் என்று பழகிய கை அது. உங்கள் அம்மாவிடம் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் வேப்பம் விதையில் எடுக்கும் அந்த எண்ணெய் சின்னப் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. ஈரலையும் மூளையையும் தாக்கக்கூடியது. வேப்பெண்ணெய் பருக்கப்பட்ட குழந்தைகள் இறந்துபோன சம்பவங்கள் மலேசியாவிலும் இந்தியாவிலும் பதிவாகியிருக்கின்றன. சூப்பியில் தடவிய சொட்டு அந்த அளவு இல்லைதான். போன கிழமை எடுத்த சத்தி அன்றோடு நின்று பிள்ளை வழமைபோல ஓடியாடித் திரிகிறான் என்றால் இப்போது பயப்பட வேண்டாம். ஆனால் போத்தல் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். எந்தப் பிள்ளையாவது அதைக் குடித்துவிட்டு, சத்தி எடுத்து, சோர்ந்து தூங்கி வழிந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், வலிப்பு வந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் சத்தி எடுக்க வைத்துப் பார்க்கும் வேலையும் வேண்டாம்.

மிளகாய்த்தூள், கற்றாழைச் சாறு என்று வேறு எதுவும் பூசுவதும் சரியில்லை. அவன் ஆறுதல் தேடிப் போகிற பொருளே வாயை எரித்தால், அந்த நேரத்தில் அவனுக்கு வேறு என்ன இருக்கிறது? அழுகை கூடும், சூப்பி ஆசையும் கூடும். போன கிழமை நடந்தது அதுதான். இதற்கு நேர்மாறாக, சமாதானப்படுத்த சூப்பியைத் தேனிலோ சீனியிலோ தோய்த்துக் கொடுக்கும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. அது பால்பற்களை அரித்துத் தள்ளிவிடும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்த வகையிலும் தேன் கொடுக்கவே கூடாது.

அடுத்தது உங்கள் மனம் அடித்துக்கொள்ளும் விஷயம். குழந்தை வயிற்றுக்குள் இருக்கும்போதே விரல் சூப்புகிறது. ஸ்கானில் பார்த்திருப்பீர்கள். பிறந்த பிறகு பசிக்கு ஒரு சூப்பல், மனம் ஆற ஒரு சூப்பல். தாய்ப்பால் நன்றாகப் பழகிய பின்னர் நித்திரைக்குச் சூப்பி கொடுப்பதை வைத்தியர்கள் பலர் தடுப்பதில்லை. முதல் வருடத்தில் நித்திரையிலேயே திடீரென்று குழந்தை இறந்துபோகும் ஆபத்து அதனால் குறைவதாகக்கூடக் கண்டிருக்கிறார்கள். அப்பா ஆசையாக அனுப்பினார், நீங்கள் கொடுத்தீர்கள், பிள்ளை ஆறுதலடைந்தான். இதில் யாரும் யாரையும் கெடுக்கவில்லை. அந்தக் காலம் முடிந்துவிட்டது, இப்போது நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

மாமி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பல பிள்ளைகள் இரண்டுக்கும் நாலு வயதுக்கும் இடையில் தாங்களாகவே விட்டுவிடுவார்கள். வேறு ஒரு பிள்ளையாக இருந்தால் நானும் 'சரி, கொஞ்சம் பொறுங்க' என்றுதான் சொல்லியிருப்பேன். உங்கள் மகனுக்கு அப்படிச் சொல்லாததற்குக் காரணம் அவனுடைய காது.

மூக்கின் பின்பக்கத்துக்கும் நடுக்காதுக்கும் ஒரு சிறிய குழாய் ஓடுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அது கட்டையாகவும் கிட்டத்தட்டப் படுக்கையாகவும் இருக்கும். நாள் முழுக்கச் சூப்பும்போது மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் கிருமி அதன் வழியாகக் காதுக்குள் ஏற வாய்ப்புக் கூடுகிறது. சூப்பி பாவிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காது அழற்சி கூடுதலாக வருவதைக் கண்டுதான், ஆறு மாதத்துக்குப் பிறகு சூப்பியைக் குறைக்கச் சொல்கிறோம். வருடத்தில் இரண்டு தரம் சீழ் வந்த காதைச் சும்மா விடக் கூடாது. இப்போது வலியில்லை என்றாலும் ஒருமுறை காட்டுங்கள். ஆதார வைத்தியசாலை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. தேவைப்பட்டால் அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு எழுதித் தருவார்கள். நடுக்காதில் நீர் தேங்கி நின்றால் பிள்ளைக்குச் சத்தம் மங்கலாகத்தான் கேட்கும், பேச்சும் அதனால் பிந்தும். அவன் எப்படிக் கதைக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வயதில் 'தண்ணி தா', 'அம்மா வா' என்று இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால், பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், கேள்திறனையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். காட்டப் போகும்போது கிளினிக் கொப்பியையும் எடுத்துப் போங்கள்.

பல்லைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். ஒரு துண்டு பாணைக் கையில் கொடுத்துவிட்டு, அவன் கடிப்பதைப் பாருங்கள். முன்பல்லால் கடித்து இழுக்க முடியாமல், வாயின் ஓரத்தில் வைத்துக் கடைவாயால் பிய்ப்பான். மேலும் கீழும் முன்பற்கள் முட்டாமல், சூப்பியின் காம்பு கிடந்த இடம் அப்படியே வட்டமாகத் திறந்திருக்கும். மூன்று வயதுக்குள் சூப்பி நின்றால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த இடைவெளி தானாகவே மூடிக்கொள்ளும். கம்பி, கிளிப் ஒன்றும் தேவைப்படாது. மேல்தாடை ஒடுங்கி, கடைவாய்ப் பற்கள் மாறிக் கடிப்பதுதான் அவ்வளவு லேசில் திரும்பாது. காலம் போகப் போக அந்த ஆபத்துக் கூடும். பல் வைத்தியர்கள் மூன்று வயது என்று எல்லை வைப்பது இதனால்தான். உங்களுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அவசரப்பட்டு ஒரே இரவில் பிடுங்க வேண்டிய தேவை இல்லை.

சரி, எப்போது தொடங்குவது? இந்தக் கிழமை வேண்டாம். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அவர் போய்ப் பத்து நாள் என்று. பிள்ளையின் கணக்கில் அது சின்ன விஷயமே இல்லை. நெஞ்சில் ஏறிப் படுத்த அப்பா ஒருநாள் விடிய அவன் எழும்பிப் பார்க்கும்போது கட்டிலில் இல்லை. பிறகு போன் திரைக்குள் வருகிறார், தூக்க மாட்டேன் என்கிறார். அந்தப் பிரிவை அவன் இப்போது சூப்பியை வைத்துத்தான் சமாளிக்கிறான். இன்னும் இரண்டு மூன்று கிழமை போகட்டும். காய்ச்சல், தடிமன், ஊசி போட்ட நாள், வீட்டில் கலியாணம், கோயில் திருவிழா என்று ஆட்கள் நிறைந்திருக்கும் நாட்களும் தொடங்குவதற்குத் தோதில்லை. ஆனால் கார்த்திகை, மார்கழி மாரிக்கு முன்னால் முடித்துவிடுவது நல்லது. மழை தொடங்கினால் தடிமனும் தொடங்கும், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிற பிள்ளைக்குச் சூப்பி ஞாபகம் வந்துகொண்டே இருக்கும்.

இந்த இரண்டு மூன்று கிழமையில் சூப்பியை எடுக்காமலே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. அவன் எந்தெந்த நேரத்தில் கேட்கிறான் என்று அம்மாவைக் கவனிக்கச் சொல்லுங்கள். எழுதி வைக்கத் தேவையில்லை, பின்னேரம் நீங்கள் வந்ததும் சொன்னால் போதும். பத்துப் பத்தரைக்குக் கேட்கிறானா? அது பசி. ஒரு வாழைப்பழம் அந்த வேலையைச் செய்யும். அம்மா அடுப்படிக்குள் போனதும் கேட்கிறானா? அது தனிமை. அடுப்பிலிருந்து தள்ளி, பக்கத்திலேயே ஒரு பாயைப் போட்டு, முருங்கையிலை உருவக் கொடுங்கள். இரண்டு வயதுப் பிள்ளை அதை அழகாகச் செய்யும், கை இரண்டும் வேலையாக இருக்கும்போது வாய் சூப்பியை மறந்துவிடும். கச்சான் உடைக்க மட்டும் கொடுக்க வேண்டாம், அந்தப் பருப்பு மூச்சுக்குழாயில் சிக்கும் வயது இது. ரீவிக்கு முன்னால் இருந்தால் கேட்கிறானா? அப்படியானால் அது வெறும் பழக்கம், ரீவியை நிறுத்தினாலே பாதி குறையும். தெரியாத ஆள் வந்தால் கேட்கிறானா? தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சூப்பி அவனுக்குச் செய்துகொண்டிருந்த ஒவ்வொரு வேலையையும் செய்ய வேறு ஒன்று வந்த பிறகுதான் அதை எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வெறுமனே எடுத்தால் விரலுக்குப் போவான்.

பிறகு சூப்பிக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். கட்டில்தான் அதன் இடம். தலைமாட்டில் ஒரு சின்ன டப்பா. 'சூப்பி இங்கதான் இருக்கும் மகன், வேணுமெண்டா வந்து படுத்துச் சூப்பலாம், வெளியில வரக்குள்ள டப்பாக்குள்ள போட்டுட்டு வரணும்.' இவ்வளவுதான் சட்டம். முதல் இரண்டு மூன்று நாள் நுளம்பு வலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டு சூப்புவான். விடுங்கள். வெளியே கோழி கத்தும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடும், எவ்வளவு நேரம் தனியே கிடப்பான்? வாயில் வைத்துக்கொண்டு கதைத்தால், 'எடுத்துட்டுச் சொல்லுங்க மகன், எனக்கு விளங்கல்ல' என்று ஒவ்வொரு தரமும் சொல்லுங்கள். கோபமாகச் சொல்லத் தேவையில்லை. ஒன்றிரண்டு கிழமையில் பகல் சூப்பி போய்விடும். காதுக்கும் பேச்சுக்கும் அதுவே பெரிய லாபம்.

இந்த நாட்களில் வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லில் நிற்க வேண்டும். நம் மட்டக்களப்புப் பக்கம் பெண் கலியாணம் முடித்தும் தாய் வளவிலேயே இருப்பதால், பிள்ளையைச் சுற்றி அம்மம்மா, பெரியம்மா, மாமா, மச்சான்மார் என்று ஒரு கூட்டமே இருக்கும். பிள்ளை வளர்க்க அதைவிடக் கொடுப்பினை இல்லை. ஆனால் நீங்கள் மறுத்ததைப் பின்வாசலால் போய் இன்னொருவரிடம் வாங்கிவிடவும் முடியும். இன்னொரு கஷ்டமும் உண்டு. 'இவ்வளவு பெரிய ஆம்பிளைக்குச் சூப்பியா, வெட்கம் வெட்கம்' என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் கிண்டல் செய்வார்கள். அவர்கள் பாசத்தில்தான் சொல்வார்கள், பிள்ளை குறுகிப்போவான், குறுகினால் சூப்பியைத் தேடுவான். உங்கள் அம்மாவிடமும் அக்காவிடமும் ஒருநாள் ஆறுதலாக இருந்து கதையுங்கள். நாள் முழுக்கப் பிள்ளையோடு நிற்பவர் அம்மாதான். அவர் மனம் வைக்காமல் இது நடக்காது. சமைக்கிற நேரம் பிள்ளை சத்தமில்லாமல் இருக்கச் சூப்பிதான் அவருக்குத் துணை. அந்தத் துணையையும் சேர்த்துத்தான் நாம் எடுக்கிறோம். ஆகவே அந்தக் கிழமைகளில் காலையிலேயே நீங்கள் ஒரு கறியை வைத்துவிட்டுப் போக முடிந்தால் செய்யுங்கள். அப்பாவும் வீடியோ கோலில் 'இன்னும் சூப்பியா?' என்று கேட்க வேண்டாம். முருங்கையிலை உருவினாயா, கோழிக்குத் தீன் போட்டாயா என்று கேட்கட்டும்.

கடைசியாக இரவுச் சூப்பி. இங்கேதான் காகக் கதை வருகிறது. உங்கள் அக்கா சொல்வது எல்லா வீட்டிலும் சொல்கிற கதைதான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டு வயதுப் பிள்ளை அதை அப்படியே நம்பும். ஆசையான பொருளைக் காகம் தூக்கிப் போகும் என்றால் அடுத்து எதைத் தூக்கும் என்று யோசிக்கும். முற்றத்தில் காகம் கரைந்தாலே அழும் பிள்ளைகளை நான் கிளினிக்கில் பார்க்கிறேன். பிறகு ஒருநாள் அலுமாரியில் ஒளித்து வைத்த சூப்பி கண்ணில் பட்டால், அம்மா சொன்னது பொய் என்பதும் தெரிந்துவிடும். அவன் எழும்பிப் பார்க்கும்போது அப்பாவும் அப்படித்தான் இல்லாமல் போனார் என்பதையும் நினையுங்கள். இன்னொன்றும் சொல்லாமல் மறைய வேண்டாம். உண்மையைச் சொல்லுங்கள். 'சூப்பியால காது வருத்தம் வருது, வெள்ளிக்கிழமை அதைக் குப்பைக்குப் போடப்போறம்' என்று மூன்று நாளைக்கு முன்பிருந்தே சொல்லி வாருங்கள். அன்று பின்னேரம் அவன் கையாலேயே போட வையுங்கள், பிறகு அந்தக் குப்பையை அகற்றிவிடுங்கள். நுனியை வெட்டிக் கொடுக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். வெட்டிய ரப்பர் துண்டு பிய்ந்து தொண்டையில் அடைக்கும். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்குக் கொடுப்பதும் சுத்தமில்லை.

வெள்ளிக்கிழமை என்று நான் சொன்னது உங்களுக்காக. அடுத்த இரண்டு நாளும் பாடசாலை இல்லை, நித்திரை முழிக்கலாம். அதற்கு முன்னால் வீட்டில் உள்ள சூப்பி எல்லாவற்றையும் தேடி எடுங்கள். தலையணைக்கு அடியில், உங்கள் கைப்பையில், மாமி வீட்டில் ஒன்று கட்டாயம் இருக்கும். ஒன்று மிஞ்சினாலும் இரவு இரண்டு மணிக்கு உங்கள் மனம் இளகிவிடும்.

முதல் இரவு அழுவான். அவன் ஏன் நாலைந்து தரம் எழும்புகிறான் என்று விளங்கிக்கொண்டால் உங்களுக்குத் தாங்க முடியும். எல்லோரும் இரவில் பல தரம் அரைகுறையாக விழித்துத் திரும்பவும் நித்திரையாகிறோம். சூப்பியோடு நித்திரையாகப் பழகிய பிள்ளைக்கு, விழிக்கும்போது அது வாயில் இல்லை என்றால் திரும்ப நித்திரையாகத் தெரியாது. அதைத்தான் இப்போது அவன் பழக வேண்டும். தனியே விட்டு அழவைக்கச் சொல்லவில்லை. பக்கத்திலேயே படுங்கள், முதுகைத் தடவுங்கள், தாலாட்டுப் பாடுங்கள். அப்பா உடுத்திய சாரம் ஒன்று இருந்தால் அதைக் கையில் கொடுங்கள். அந்த மணம் அவனுக்குப் பெரிய ஆறுதல். 'சூப்பி எங்க?' என்று கேட்டால், 'குப்பைக்குப் போட்டாச்சு மகன், அம்மா இருக்கன்' என்ற ஒரே பதிலைச் சொல்லுங்கள். பால் போத்தலை மட்டும் அந்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டாம். பாலைச் சூப்பிக்கொண்டே நித்திரையானால் பல்லும் போகும், காதுக்கும் கூடாது. பெரும்பாலும் இரண்டு மூன்று இரவுதான் கடினம், ஒரு கிழமைக்குள் அடங்கிவிடும். இடையில் காய்ச்சல் வந்தாலும் திரும்பக் கொடுக்க வேண்டாம், கூட நேரம் தூக்கி வைத்திருங்கள். அழுது அழுது கடைசியில் சூப்பி கிடைத்தால், இன்னும் கொஞ்சம் அழுதால் கிடைக்கும் என்றுதான் அவன் படிப்பான்.

கொஞ்ச நாளைக்கு விரல் வாய்க்குப் போகலாம். தட்டிவிட வேண்டாம், திட்ட வேண்டாம். கையில் எதையாவது கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். நித்திரைக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் தானாகவே மறையும். நாலு வயதாகியும் தொடர்ந்தால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

நேசரி டீச்சரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஒளிக்க இதில் ஒன்றுமில்லை. சூப்பி விட்டு எத்தனை மாதம், மனம் குழம்பினால் அவன் என்ன செய்வான், எதைக் கையில் கொடுத்தால் அமைதியாவான் என்று மூன்று விஷயத்தைச் சேர்க்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் அதைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சாரத்தில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, கரை தைத்து, சாப்பாட்டுப் பையின் உள்பக்கத்தில் வைத்துவிட்டால் முதல் கிழமைகளுக்கு உதவும்.